குரங்கு லேபில் பிஎச்டி சேரலாமா? ஒரு வாசகரின் கேள்வியும் என் பதிலும்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். வயது 24, இயற்பியலில் முதுகலை. முதுகலை ப்ராஜெக்டில் கண்ணசைவை அளக்கும் வேலை செய்தபோது ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது: கண்ணைத் திருப்பாமலே ஓரத்தில் இருக்கும் ஒன்றை நம்மால் எப்படிக் கவனிக்க முடிகிறது, அப்போது மூளைக்குள் என்ன மாறுகிறது? பிஎச்டிக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, மகாக் வகைக் குரங்குகளின் மூளையில் எலெக்ட்ரோடு (நரம்புகளின் மின்துடிப்பைப் பதியும் மெல்லிய கம்பி) இறக்கிக் கவனத்தை ஆராயும் லேப். மற்றது, மனிதர்களிடம் ஈஈஜி (தலைக்கு மேலிருந்தே மூளையின் மின்னலைகளைப் பதிவது) எடுத்துக் கணினி மாதிரிகளோடு ஒப்பிடும் லேப். பதில் சொல்ல மூன்று வாரம் இருக்கிறது.

அவருடைய குழப்பங்கள் நிறைய. "மூளைக்கு வலி தெரியாது, அதனால் குரங்குக்கு ஒன்றும் ஆகாது என்று படித்து மனதைத் தேற்றிக்கொண்டேன், ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை" என்கிறார். அந்த லேபின் சீனியர் ஒருவர், "சின்னக் கீறலெல்லாம் சகஜம், வெளியே சொன்னால் வேலை நின்றுவிடும், கண்டுகொள்ளாதே" என்று அறிவுரை சொன்னாராம். கைடோ, "இரண்டு குரங்குகள் பழகித் தயாராக இருக்கின்றன, சீக்கிரம் பேப்பர் வந்துவிடும்" என்று மெயில் அனுப்பியிருக்கிறார். அண்ணன், இன்னும் ஐந்து வருடத்தில் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடும், குரங்கு வேலைக்கு எதிர்காலமே இல்லை என்கிறார். அம்மா இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். எம்பிபிஎஸ் படிக்காமல் ஆபரேஷன் செய்ய முடியுமா, பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிட்டு வர முடியுமா, வந்தால் வாழ்க்கை போய்விடுமா என்றும் கேட்டிருக்கிறார்.

சரி, நேராக உங்களிடமே பேசுகிறேன். நான் இந்த வேலையைப் பல வருடம் செய்தவன், இப்போது செய்பவர்களைப் பழக்குகிறவன். அதனால் நான் நடுநிலையானவன் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அந்த லேபில் சேராதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இப்போதைக்குக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வியைக் காணோம், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்.

உங்கள் கேள்விக்குக் குரங்கு தேவையா?

நரம்பியலில் சேர வேண்டும், பெரிய லேபில் சேர வேண்டும், நல்ல பேப்பர் வர வேண்டும். இதெல்லாம் நியாயமான ஆசைகள்தான். ஆனால் இதில் எதுவுமே ஒரு குரங்கின் தலையில் ஆபரேஷன் செய்யப் போதுமான காரணம் ஆகாது. வேறு எந்த வழியிலும் பதில் கிடைக்காத கேள்வி உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் காரணம். விலங்கு ஆராய்ச்சிக்கென்று ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் எழுதி வைத்த மூன்று விதிகளில் முதல் விதியே இதுதான்: மாற்று இருந்தால் விலங்கை விட்டுவிடு. எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை என்ற மற்ற இரண்டும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன.

உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கண் ஓரிடத்தில் நிற்க, கவனம் இன்னோரிடத்துக்குப் போகிறது. அது எவ்வளவு நேரத்தில் போகிறது, எதனால் இழுக்கப்படுகிறது, வயதானால் எப்படி மாறுகிறது, கவனக்குறைவு உள்ளவர்களிடம் எங்கே பிசகுகிறது, இவற்றையெல்லாம் மனிதர்களிடமே பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் மனிதரிடம் வேலையை விளக்க இரண்டு நிமிடம் போதும், குரங்குக்கு மாதக்கணக்கில் ஆகும். கவனம் ஒரு பக்கம் போகும்போது எதிர்ப்பக்க மூளையின் பின்பகுதியில், நொடிக்கு 8 முதல் 12 முறை அலையும் ஆல்ஃபா அலை அடங்குவது ஈஈஜியில் தெளிவாகவே தெரியும். ஆனால் ஈஈஜி மண்டையோட்டுக்கு வெளியே நின்று கேட்கிற கருவி. ஏராளமான நியூரான்களின், அதாவது நரம்புச் செல்களின், கூட்டுச் சத்தம்தான் அதற்கு எட்டும். எஃப்எம்ஆர்ஐ என்ற ஸ்கேன் மூளையில் இடத்தை நன்றாகக் காட்டும், ஆனால் அது பார்ப்பது ரத்த ஓட்டத்தை, அது சில நொடிகள் தாமதமாகத்தான் மாறுகிறது.

இனி மறுபாதி. 1985இல் மோரன், டெசிமோன் இருவரும் குரங்கின் பார்வைப் புறணியில் (மூளையின் மேற்பரப்பில் பார்வையைக் கையாளும் இடம்) வி4 என்ற பகுதியில் ஒவ்வொரு நியூரானாகப் பதிவு செய்தார்கள். ஒரே நியூரானின் பார்வை எல்லைக்குள் இரண்டு பொருள்கள். குரங்கு அதில் எதைக் கவனிக்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் அந்த நியூரான் பேசியது, மற்றது கண்ணெதிரே இருந்தும் ஏறக்குறைய இல்லாதது மாதிரி. 2003இல் மூர், ஆர்ம்ஸ்ட்ராங் இன்னும் ஒரு படி போனார்கள். மூளையின் முன்பக்கத்தில் கண்ணசைவை ஆளும் பகுதியில், கண் அசையாத அளவுக்குக் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்தார்கள். அதற்கு ஈடான இடத்தில் வி4 நியூரான்களின் பதில் கூடியது. அதாவது "இதுவும் அதுவும் சேர்ந்து நடக்கிறது" என்பதைத் தாண்டி, "இதைத் தொட்டால் அது மாறுகிறது" என்று காட்டினார்கள். வலிப்பு நோய்க்காக மூளையில் எலெக்ட்ரோடு வைக்கப்பட்ட நோயாளிகள் சம்மதித்தால் மனிதரிலும் கொஞ்சம் பார்க்கலாம், ஆனால் எலெக்ட்ரோடு எங்கே போகும் என்பதை நோய்தான் முடிவு செய்யும், உங்கள் கேள்வி முடிவு செய்யாது. எலியில் செய்யலாமே என்றால், எலிக்கு நம்மைப்போல் நடுவிழியில் கூர்மையான பார்வைப் புள்ளி கிடையாது. "இங்கே பார், அங்கே கவனி" என்பதற்கே அதனிடம் வேறு அர்த்தம். இந்த ஒரு விஷயத்தில் குரங்குக்கு மாற்று உண்மையிலேயே குறைவு.

ஆக உங்கள் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. கவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் உங்களுக்கு ஆர்வம் என்றால் ஈஈஜி லேபே போதும், குரங்கைத் தொட உங்களுக்குக் காரணமே இல்லை. எந்த நியூரான் எந்த நியூரானுக்கு என்ன செய்கிறது என்பதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் முதல் லேபைப் பற்றி மேலே பேசலாம். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, நீங்கள் செய்ய விரும்பும் முதல் சோதனையை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுதும்போதே எந்தப் பாதி என்று தெரிந்துவிடும்.

ஒரு திருத்தம். கடிதத்தில் ஓரிடத்தில் குரங்கு மூளையை "மனித மூளையின் சின்ன வடிவம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், ரீசஸ் மகாக்கில் சுமார் 640 கோடி, சுண்டெலியில் 7 கோடி சொச்சம். நமக்கும் மகாக்குக்கும் பொதுவான முன்னோர் வாழ்ந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அன்றிலிருந்து அவை தம் வழியில் மாறி வந்திருக்கின்றன. பார்வை, கண்ணசைவு, கை அசைவு போன்றவற்றில் ஒற்றுமை மிக நெருக்கம். மொழியில் இல்லை. மனச்சோர்வு, மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் "குரங்கு மாடல்" கிடைத்துவிட்டது என்று யாராவது எழுதினால் நான் இரண்டு முறை படிப்பேன்.

இந்த ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன கிடைத்தது?

அம்மாவுக்குச் சொல்ல ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் மிகைப்படுத்துவார்கள், அதனால் ஒரு கதையை முழுசாகச் சொல்கிறேன். 1982இல் கலிஃபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தைப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் திடீரென்று முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல் உறைந்து போனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற ரசாயனம்தான் காரணம் என்று தெரிந்தது. அதைக் கொடுத்த குரங்குகளுக்கும் அதே நிலை வந்தது. அந்தக் குரங்குகளில் மூளையின் அடியில் இருக்கும் சப்தலாமிக் கரு என்ற சின்னப் பகுதி அளவுக்கு மீறி வேலை செய்வதையும், அதை அடக்கினால் உடல் மறுபடி அசைவதையும் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும் 1990இல் வெளியிட்டார்கள். இன்று பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மூளையின் ஆழத்தில் எலெக்ட்ரோடு வைத்துச் செய்யும் ஆழ்மூளை மின்தூண்டலில் அதிகம் குறிவைக்கும் இடங்களில் ஒன்று அதே கருதான்.

ஆனால் அந்த மின்தூண்டல் முறையே குரங்கிலிருந்து வந்தது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பெனபித் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1980களின் பிற்பகுதியில், மனித நோயாளிகளுக்கு நடுக்கத்துக்காக அறுவை செய்த அனுபவத்திலிருந்து கொண்டுவந்தது அது. முறை ஆபரேஷன் அறையிலிருந்து வந்தது, எந்த இடத்தில் வைப்பது என்ற துப்பு குரங்கிலிருந்து வந்தது. டிலாங்குக்கும் பெனபித்துக்கும் 2014இல் லாஸ்கர் விருதைச் சேர்த்தே கொடுத்தார்கள். அம்மாவிடம் இப்படியே சொல்லுங்கள். நீங்கள் பிஎச்டியில் செய்யப்போகும் வேலையால் நாளைக்கே யாருக்கும் நோய் தீராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடிப்படை ஆராய்ச்சி என்பதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூளைக்கு வலிக்காது, சரி. குரங்குக்கு?

மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை என்பது உண்மைதான். மனிதர்களை விழித்த நிலையில் வைத்தே மூளை அறுவை செய்ய முடிவதும் அதனால்தான். ஆனால் தோலுக்கு வலிக்கும், எலும்பின் மேலுறைக்கு வலிக்கும், மூளையைச் சுற்றிய உறைக்கும் வலிக்கும். தலை அசையாமல் பிடிக்க மண்டையோட்டில் டைட்டானியத்தில் ஒரு சிறு கம்பம் பொருத்துகிறோம், எலெக்ட்ரோடு இறக்க ஒரு சிறு கிண்ணம் பொருத்துகிறோம். இவை முழு மயக்கத்தில், கால்நடை மருத்துவர் மேற்பார்வையில், நோயாளிக்குச் செய்வது போன்ற சுத்தத்தோடு நடக்க வேண்டும், அப்புறம் பல நாள் வலிமருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பொருத்துகளின் ஓரம் சீழ் பிடிக்கலாம், அதனால் வாரத்தில் பல முறை சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும், வருடக்கணக்கில்.

என்னைக் கேட்டால் அறுவையைவிடக் கனமான விஷயம் தினசரி வாழ்க்கைதான். பெரும்பாலான லேப்களில் குரங்கு சரியாகச் செய்த ஒவ்வொரு முறைக்கும் சில துளி தண்ணீரோ பழச்சாறோ பரிசு. அது வேலை செய்ய வேண்டுமானால் மற்ற நேரத்தில் தண்ணீர் அளவாகத்தான் கிடைக்கும். நல்ல லேபில் தினமும் எடை பார்ப்பார்கள், குறைந்தபட்ச அளவு எழுதி வைத்திருப்பார்கள், குரங்கு அன்று வேலையே செய்யாவிட்டாலும் அந்த அளவைக் கொடுத்துவிடுவார்கள். மோசமான லேபில், "இன்றைக்கு வேலை செய்யவில்லை, நாளைக்குத் தாகத்தில் செய்யும்" என்ற பேச்சு காதில் விழும். அது விழுந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம், வந்துவிடுங்கள். இன்னொன்று தனிமை. மகாக் கூட்டமாக வாழும் விலங்கு. தனிக்கூண்டில் வருடக்கணக்கில் வைத்தால் தன்னையே கடித்துக்கொள்ளும், ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி வரும். ஜோடியாகவோ குழுவாகவோ வைத்திருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள்.

அறிவியல் நன்றாக இருந்தால் பராமரிப்பும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் 1981இல் ஒரு லேபில் போலீஸ் நுழைந்து 17 குரங்குகளை மீட்டது, கூண்டுகள் இருந்த நிலை நாட்டையே உலுக்கியது. அந்த லேபை நடத்திய எட்வர்ட் டாப் செய்துவந்த ஆராய்ச்சித் தொடரிலிருந்துதான், பக்கவாதத்தில் முடங்கிய கையை, நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பழக்கும் சிகிச்சையும் வந்தது. இரண்டும் உண்மை, ஒன்று மற்றதை அழிக்காது. விலங்குக் கொடுமை வழக்கில் அவர் மீதான தண்டனை மேல்முறையீட்டில் நிற்கவில்லை, ஆனால் அந்த வழக்கின் சூட்டில் 1985இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, நிறுவனங்களில் மேற்பார்வைக் குழு இருக்க வேண்டும், குரங்குகளின் மனநலத்துக்கு ஏற்ற சூழல் வேண்டும் என்பது கட்டாயமானது.

கடைசியில் குரங்குக்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கலாம். பல ஆய்வுகளில், எலெக்ட்ரோடு சரியாக எங்கே இருந்தது என்று மூளையைச் சீவிப் பார்க்க, மயக்கத்திலேயே உயிரை முடிப்பார்கள். சில இடங்களில் ஓய்வு கொடுத்துச் சரணாலயத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த லேபில் எது வழக்கம் என்று முதல் நாளே கேளுங்கள். அந்த நாளில் நீங்களும் உடனிருக்க வேண்டி வரும், ஏனென்றால் அந்த விலங்குக்கு உங்களைத்தான் தெரியும்.

கீறல் விஷயத்தில் சீனியர் சொன்னது ஆபத்தான பேச்சு

இதில் மட்டும் நான் தயவு தாட்சண்யம் பார்க்கப்போவதில்லை. மகாக் குரங்குகளில் பி வைரஸ் என்று ஒன்று உண்டு. நமக்கு உதட்டில் வரும் அக்கி வைரஸின் உறவு. குரங்குக்கு அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வாழ்நாள் முழுக்க உள்ளே பதுங்கியிருக்கும், அவ்வப்போது எச்சிலில் வரும். மனிதருக்கு வருவது மிக அபூர்வம், ஆனால் வந்தால் மூளையைத் தாக்கும். சிகிச்சை கிடைக்காதவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். 1997இல் அமெரிக்காவில் 22 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவருக்கு ஒரு கடியும் இல்லை, ஒரு கீறலும் இல்லை, கூண்டிலிருந்து ஏதோ திரவம் கண்ணில் தெறித்தது, அவ்வளவுதான். சில வாரங்களில் இறந்துபோனார்.

கடியோ கீறலோ பட்டால் அந்த நிமிடமே சோப்போ கிருமிநாசினியோ போட்டு 15 நிமிடம் தேய்த்துக் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும். அப்புறம்தான் யாரிடம் சொல்வது என்ற யோசனையே. உடனே மருத்துவரைப் பார்த்தால் வைரஸ் மருந்தை முன்கூட்டியே தொடங்கலாம். அதற்காகத்தான் நல்ல லேப்களில் கழுவும் இடத்திலேயே முதலுதவிப் பெட்டியும் நேரம் பார்க்கக் கடிகாரமும் தயாராக இருக்கும். "எங்கள் குரங்குகளுக்கு அந்த வைரஸ் இல்லை, டெஸ்ட் எடுத்தாயிற்று" என்பார்கள். இருக்கட்டும், டெஸ்ட்டில் தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு, அதனால் எல்லாக் குரங்குக்கும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

தொற்று எதிர்த்திசையிலும் போகும். உங்கள் காசநோயும் தட்டம்மையும் குரங்குக் கூட்டத்தையே அழித்துவிடும். மார்மோசெட் என்ற சின்னக் குரங்குகளுக்கு நம் உதட்டு அக்கியே உயிர்க்கொல்லி. அதனால் சேரும் முன்பு காசநோய் பரிசோதனையும் தடுப்பூசிப் பதிவும் கேட்காத லேபைச் சந்தேகப்படுங்கள்.

காயத்தைச் சொன்னதற்காக உங்கள் வேலையை நிறுத்தவோ, உங்களை ஓரங்கட்டவோ யாருக்கும் உரிமை இல்லை. காயத்துக்கான சிகிச்சைச் செலவு நிறுவனத்துடையது, இதைச் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். அந்தச் சீனியரின் கீறல் ஒரு மாதத்துக்குள் பட்டதாக இருந்தால், இந்தப் பத்தியை அவருக்கு இன்றே அனுப்புங்கள். காய்ச்சல், காயத்தைச் சுற்றிக் கொப்புளம், மரத்துப் போதல், தலைவலி இவற்றில் எது இருந்தாலும் மகாக் குரங்கோடு வேலை செய்கிறேன் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள், அவராக யூகிக்க மாட்டார்.

அண்ணன் சொல்வதும், உங்கள் கண்ணில் படாத மூன்றாவது வழியும்

அண்ணன் சொல்வதில் பாதி சரி. கணினியில் பொருள்களை அடையாளம் காணும் ஆழ்கற்றல் மாதிரிகள், பார்வைப் புறணி நியூரான்களின் பதிலை ஓரளவு முன்கூட்டியே சொல்கின்றன. ஆனால் அவை சொல்வது சரியா என்று எதில் வைத்துப் பார்க்கிறார்கள்? குரங்கில் எடுத்த பதிவுகளில்தான். ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்ற ஜோசியத்தை நான் நம்பவில்லை. அதே நேரம் குரங்கு லேப்களின் எண்ணிக்கை குறைவு, விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன, சிம்பன்சி போன்ற மனிதக் குரங்குகளில் உடலைத் துளைக்கும் ஆய்வு பல நாடுகளில் நின்றே போய்விட்டது. வாழ்நாள் முழுக்க இதிலேயே இருப்பேன் என்று கணக்குப் போடாதீர்கள், கையில் இன்னொரு திறமையும் வேண்டும்.

நீங்கள் யோசிக்காத வழி இதுதான். நியூரோபிக்ஸல்ஸ் என்று மயிரிழை போன்ற சிலிக்கான் எலெக்ட்ரோடு வந்திருக்கிறது. குரங்குகளுக்கென்று செய்த வகையில் 45 மில்லிமீட்டர் நீளத்துக்கு 4,416 பதிவுப் புள்ளிகள், அதில் 384இல் ஒரே நேரத்தில் கேட்கலாம். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நியூரான் கிடைத்தால் பெரிது. இன்று ஒரே நாளில் குவியும் பதிவைப் படித்து முடிக்க லேப்களில் ஆள் இல்லை. இயற்பியல் படித்த, கணினி நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் ஈஈஜி லேபில் இருந்துகொண்டே, குரங்கு லேபின் பதிவுகளை ஆராயலாம். இரண்டு கைடுகள் சேர்ந்து வழிநடத்தும் ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஏற்கனவே எடுத்த பதிவிலிருந்து புதுக் கேள்விக்குப் பதில் எடுத்தால் புதிதாக ஒரு குரங்கு தேவைப்படாமல் போகலாம், அது பெரிய காரியம். ஆனால் கூண்டுப் பக்கம் போகாததால் எனக்குப் பொறுப்பில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். அந்தப் பதிவு எங்கிருந்து வந்ததோ அங்கே ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள்.

எம்பிபிஎஸ் வேண்டாம், பொறுமை வேண்டும்

மருத்துவப் படிப்பு தேவையே இல்லை. இந்தத் துறையில் இயற்பியலிலிருந்தும் பொறியியலிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். ஆபரேஷனில் மயக்கத்தைக் கால்நடை மருத்துவர் பார்த்துக்கொள்வார். எம்ஆர்ஐ படத்தை வைத்து இடம் குறிப்பது, கிருமி நீக்கம், தையல் என்று படிப்படியாகப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வீர்கள். முதல் வருடத்தில் கத்தியை உங்கள் கையில் கொடுக்கிறார்கள் என்றால் அது பாராட்டு இல்லை, அங்கே ஒழுங்கு இல்லை என்று அர்த்தம்.

உண்மையான வேலை பழக்குவதுதான். குரங்கு தானாக வந்து நாற்காலியில் உட்கார வேண்டும், திரையில் ஒரு புள்ளியைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், அப்புறம் புள்ளியைப் பார்த்துக்கொண்டே ஓரத்தைக் கவனிக்க வேண்டும். வலுக்கட்டாயம் செய்தால் ஒரு வாரத்தில் உட்காரும், ஆனால் நம்பாது, நம்பாத குரங்கு நல்ல பதிவு தராது. உங்கள் சோதனைக்கு ஒரு குரங்கைத் தொடக்கத்திலிருந்து பழக்க ஒரு வருடம் போனாலும் ஆச்சரியமில்லை. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான், யாராவது ஒருவர் தினமும் போயே ஆக வேண்டும். மொத்தம் ஐந்து முதல் ஏழு வருடம் என்று மனதில் வையுங்கள். கூடவே புள்ளியியலை ஆழமாகப் படியுங்கள். இரண்டு குரங்குகள், பல்லாயிரம் முயற்சிகள் என்ற பதிவை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பதில் இந்தத் துறையே தடுமாறுகிறது.

அதனால் "இரண்டு குரங்குகள் தயார்" என்ற மெயிலை அப்படியே விழுங்காதீர்கள். யார் பழக்கிய குரங்குகள்? அவருடைய வேலை முடிந்துவிட்டதா, அல்லது பாதியில் போய்விட்டாரா? பொருத்துகள் எத்தனை வருடப் பழையவை? உங்கள் சோதனைக்கு வேண்டிய மூளைப் பகுதியில்தான் கிண்ணம் இருக்கிறதா? வேறு பகுதி என்றால் இன்னோர் அறுவை. பேப்பரில் பழக்கியவர் பெயர் முதலில் வருமா, உங்கள் பெயரா? இந்தக் கேள்விகளுக்குக் கைடு கோபித்துக்கொண்டால் ஆறு வருடம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாதியில் விடுவது பற்றி

விடலாம். முதல் வருடத்தில் லேப் மாறுவது எல்லா இடத்திலும் நடக்கிறது, வாழ்க்கை போய்விடாது. ஆனால் இந்த வேலையில் விடுவதற்கு ஒரு நேரம் உண்டு: உங்கள் சோதனைக்காக ஒரு குரங்குக்கு அறுவை நடப்பதற்கு முன்பு. அதுவரை மனம் மாறினால் இழப்பு உங்களுக்கு மட்டும். அதற்கு அப்புறம் போனால், அந்த விலங்கை வேறு யாராவது ஏற்க வேண்டும், இல்லையென்றால் பட்டதெல்லாம் வீணாக அது முடிக்கப்படலாம். ஆகவே சேரும்போதே கைடிடம் சொல்லிவிடுங்கள்: முதல் பத்து மாதம் மற்றவர்களின் சோதனையில் உதவுகிறேன், பழக்குவதைக் கற்கிறேன், அதன் முடிவில் இருவரும் உட்கார்ந்து தொடர்வதா என்று பேசுவோம். நல்ல கைடு இதற்குச் சந்தோஷப்படுவார். தொடர முடியாதவர் மூன்றாம் வருடத்தில் உடைவதைவிட இது அவருக்கும் நல்லது.

வீட்டில் பொய் சொல்லாதீர்கள். கண்டவரிடமெல்லாம் விவரிக்கத் தேவையில்லை, கூண்டுப் படங்களை இணையத்தில் போடவே கூடாது, அது விதி. ஆனால் அம்மாவிடம் மறைத்தால் மோசமான நாள்களில் பேச ஆள் இருக்காது. அப்படிப்பட்ட நாள்கள் வரும்.

இந்த மூன்று வாரத்தில்

நேரில் போகாமல் பதில் சொல்லாதீர்கள். மூன்று நாள் இருக்க அனுமதி கேளுங்கள். போனால் பார்க்க வேண்டியவை, கேட்க வேண்டியவை:

- நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த திட்டத்தை முழுசாகப் படிக்கக் கொடுப்பார்களா? நீங்கள் விலங்கைத் தொடும் முன்பு உங்கள் பெயர் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அதில் இல்லாத எதையும், யார் சொன்னாலும், செய்ய மறுக்கலாம்.
- கால்நடை மருத்துவரோடு கைடு இல்லாமல் பத்து நிமிடம். "இந்தக் குரங்கு இன்று வேலைக்குப் போகக்கூடாது" என்று அவர் சொன்னால் யார் பேச்சு நிற்கும் என்று கேளுங்கள். அவர் பேச்சு நிற்காது என்றால் பெட்டியைக் கட்டுங்கள்.
- குரங்குகள் ஆளைக் கண்டதும் என்ன செய்கின்றன? கூண்டின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டால் அதற்குக் காரணம் இருக்கும்.
- முன்பு படித்துப் பாதியில் போனவர் ஒருவரின் தொடர்பு. முடித்தவர்கள் எல்லோரும் நல்லதுதான் சொல்வார்கள்.
- விலங்குகள் படும் பாட்டைப் பற்றிப் புகார் சொல்ல, கைடைத் தாண்டி ஒரு வழி இருக்கிறதா, சொன்னவரின் பெயர் காக்கப்படுமா?

ஈஈஜி லேபுக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். அதை இரண்டாம்தரமாக நினைத்துத்தான் கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள், ஏன் என்று எனக்குப் புரியவில்லை, அந்தக் கைடின் வேலையைப் பற்றி ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அவருடைய கடைசி இரண்டு பேப்பர்களைப் படித்துவிட்டுப் போங்கள், கூட்டு வழிநடத்தல் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் மூன்று வாரம் போதாது என்றால் இரண்டு இடத்துக்கும் இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு மெயில் போடுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.